ஏரிப் பாட்டும் என் இரண்டாம் குரலும்

பள்ளிக்கூட கொயரில், அதாவது சேர்ந்திசைக் குழுவில், இரண்டாம் குரல் பாடுவதும் ஓர் உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, பதவி உயர்வு கிடையாது, பள்ளியை விட்டு வந்த பிறகும் ஓய்வு கிடையாது. பாட்டின் மெட்டை முதல் குரல்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாம் அதற்கு இரண்டு மூன்று சுரம் கீழே, பக்கவாட்டில், அவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் நடந்து வர வேண்டும். இரண்டும் சேர்ந்து கேட்டால் உடம்பு சிலிர்க்கும். நம்முடையதை மட்டும் தனியாகக் கேட்டால், யாரோ பாட்டை மறந்துவிட்டுச் சமாளிக்கிறார்கள் என்று தோன்றும். உங்களில் யாராவது இந்த உத்தியோகம் பார்த்திருந்தால் நான் சொல்வது சட்டென்று புரியும். பார்க்காதவர்கள் எங்கள் மேல் கொஞ்சம் இரக்கப்பட்டுப் படியுங்கள்.

நான் பார்த்தது தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில், எண்பதுகளின் தொடக்கத்தில். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை மூன்றே வருஷம். அதன் பலனை இன்னும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லைக் காவல்

எங்கள் பாட்டு டீச்சர் ஸ்டெல்லா மிஸ்ஸின் கொயரில் நாற்பது பேர். இடது பக்கம் இருபது பேர் முதல் குரல், வலது பக்கம் இருபது பேர் இரண்டாம் குரல். நடுவில் எல்லை. அந்த எல்லையில், முதல் குரலின் கடைசி ஆளாக நூர்ஜஹான் நிற்பாள். இரண்டாம் குரலின் முதல் ஆளாக நான். நூரின் அப்பா மேற்குத் தாம்பரத்தில் ஹார்ட்வேர் கடை வைத்திருந்தார். அவள் குரல் வெண்கலம் மாதிரி. எனக்கு அப்படியொன்றும் கிடையாது. ஆனால் சொன்ன இடத்தில் நிற்பேன், சொன்னதைப் பாடுவேன். எல்லைக்கு அது போதும் என்று மிஸ் நினைத்திருக்க வேண்டும்.

எல்லையில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரு காதில் நம் ஆட்கள் பாடுவது கேட்கும், இன்னொரு காதில் எதிர்க்கட்சி பாடுவது கேட்கும். கொஞ்சம் அசந்தால் அந்தப் பக்கம் வழுக்கிவிடுவோம். அதற்கு மருந்து, பக்கத்துக் காதை விரலால் மூடிக்கொள்வது. நான் என் இடது காதை மூட, நூர் அவளுடைய வலது காதை மூட, இரண்டு முழங்கைகளும் நடுவில் மோதிக்கொண்டன. இரண்டு நாள் மோதிப் பார்த்துவிட்டு நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் காதை நான் மூடுவேன், என் காதை அவள் மூடுவாள். கைகள் குறுக்கே போனதே தவிர, பாட்டு நேராக வந்தது.

மூன்று வருஷம் இப்படித்தான் பாடினோம். அவள் விரலில் எப்போதும் இரும்பு ஆணி வாசனை இருக்கும். முதல் நாள் எங்களை அந்தக் கோலத்தில் பார்த்த மிஸ் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "பாடுங்கடின்னா, ஒருத்தி காத ஒருத்தி குடைஞ்சுக்கிட்டு நிக்கறீங்க."

தட்டுகிற இடம்

நாங்கள் நிறையப் பாட்டுகள் பாடியிருந்தாலும் எங்கள் சொத்து என்று சொல்லத்தக்கது ஒன்றுதான். ஒரு மழைக்காலத்தில் சிட்லபாக்கம் ஏரி கரை வரைக்கும் ததும்பி நின்றபோது ஸ்டெல்லா மிஸ்ஸே எழுதி, மிஸ்ஸே மெட்டுப் போட்ட பாட்டு. 'ஏரி நெறஞ்சிருச்சு, எங்க ஊரு ஏரி நெறஞ்சிருச்சு, கால நனைக்க வாங்கடி, கரையோரம் வாங்கடி' என்று ஆரம்பிக்கும். நாங்கள் ஏரிப் பாட்டு என்போம். எந்தப் புத்தகத்திலும் இல்லை, எந்த கேசட்டிலும் இல்லை. எங்கள் நாற்பது வாய்களில் மட்டும் இருந்தது.

பள்ளி ஆர்மோனியத்தில் ஒரு கட்டை செத்துப்போயிருந்தது. அழுத்தினால் காற்றுதான் வரும். 'கரையோரம்' என்ற சொல் சரியாக அந்தக் கட்டையில் வந்து விழும். மிஸ் அந்த இடத்தில் கட்டையை விட்டுவிட்டுப் பெட்டியின் மேல் விரல் முட்டியால் டொக்கென்று ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டுக்குப் பிறகுதான் 'கரையோரம்' எங்கள் வாயில் வரும். இரண்டு வருஷம் கழித்து ஒருவழியாகப் பெட்டியைப் பழுது பார்க்க ஆள் வந்தார். அரை நாள் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தார். மிஸ் சந்தோஷமாக வாசித்தார். நாங்களும் சந்தோஷமாகப் பாடிக்கொண்டே வந்தோம். 'கரையோரம்' வந்தது. கட்டை அழகாக ஒலித்தது. நாற்பது பேரும் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டோம். மூன்று முறை முயன்றும் இதே கதி. கடைசியில் மிஸ் தலையில் அடித்துக்கொண்டு பழையபடி பெட்டியைத் தட்டினார், பாட்டு நகர்ந்தது.

சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டே அந்த ஆள் சொன்னார்: "பொட்டி ரெடியாயிடுச்சு டீச்சர். இனிமே பொண்ணுங்களத்தான் ரிப்பேரு பண்ணணும்."

பல்லாவரத்தில் ஒரு மேடை

சிரிப்பில்லாத கதை இது ஒன்றுதான். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதெல்லாம் விளங்காது.

பத்தாவது படிக்கும்போது பல்லாவரத்தில் பள்ளிகளுக்கு இடையே சேர்ந்திசைப் போட்டி. வெள்ளைத் தாவணி, நீல ரிப்பன், தலைக்கு ஒரு முழம் பூ. மேடையேறுவதற்கு முன் மிஸ் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்குக் காதுல கை வச்சீங்க, தொலச்சுடுவேன்" என்றார். விரல் இல்லாமல் நூர் பக்கத்தில் நின்றால் நான் அவள் மெட்டில் வழுக்கிவிடுவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. வழுக்காமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, என் குரலைத் தவிர வேறெதுவும் என் காதில் விழாதபடி பாடுவது. பாடினேன் என்று சொல்வது மரியாதைக்காக. கத்தினேன்.

முதல் அடி ஒழுங்காகப் போயிற்று. இரண்டாம் அடியில் நூர் வழுக்கி என் குரலுக்கு வந்துவிட்டாள். அவளைக் கேட்டு அவளுக்கு அடுத்தவள் வந்தாள். அவளைக் கேட்டு அதற்கு அடுத்தவள். மூன்றாம் அடிக்கு வரும்போது நாற்பது பேரும் இரண்டாம் குரல் பாடிக்கொண்டிருந்தோம். மெட்டைப் பாட மேடையில் ஓர் ஆள் இல்லை. நடுவராக வந்திருந்த பெரியவர் மைக்கில் கருணையோடு சொன்னார், "பாட்டு நல்லா இருக்கு, மெட்டு போட்டதும் இன்னும் நல்லா வரும்."

வெளியே வந்ததும் மிஸ் கேட்டது, "முதல்ல யார் வழுக்கினது?" என்றுதான். எல்லார் விரலும் நூரைக் காட்டின. யார் கத்தியது என்று மிஸ் கேட்கவில்லை. நூர் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, அவிழாத ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தேன். "நாளைலேர்ந்து நீ கொயருக்கு வர வேணாம்" என்றார் மிஸ், நூரிடம். அவளுக்குப் பாட்டென்றால் உயிர். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட அவள் ஒத்திகைக்குத் தாமதமாக வந்ததில்லை. அன்று அழக்கூட இல்லை. பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் திரும்பாமல் உட்கார்ந்து வந்தாள். தாம்பரத்தில் இறங்கும்போது மட்டும் என் பக்கம் திரும்பி ஒன்று கேட்டாள்: "நீ கத்தினது எனக்குக் கேட்டுச்சு சாந்தி. உனக்குக் கேக்கலையா?"

லேடீஸ் கம்பார்ட்மென்ட்

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பரீட்சை வந்தது, பள்ளி முடிந்தது, ஆளுக்கொரு பக்கம் போனோம். அவள் கேட்ட கேள்விக்கு 'கேட்டது' என்று ஒரு வார்த்தை பதில் சொல்ல எனக்குப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று. நடுவில் உத்தியோகம் மட்டும் என்னை விடவில்லை.

கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினேன். லேடீஸ் கம்பார்ட்மென்டில் ஏழெட்டுப் பெண்கள் தினமும் பஜனை பாடிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு பள்ளி ஆசிரியை. "வாம்மா, நீயும் சேர்ந்துக்கோ" என்று அன்பாகக் கூப்பிட்டார். எனக்கும் ஆசை விடவில்லை. பாட ஆரம்பித்ததும் என் இடது கை விரல் தானாக இடது காதுக்குப் போயிற்று, குரல் தானாக இரண்டாம் குரலுக்குப் போயிற்று. குரோம்பேட்டையில் என் பக்கத்தில் இருந்தவர் வழுக்கினார். பல்லாவரத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் வழுக்கினார். மீனம்பாக்கம் தாண்டும்போது சாமிக்கே அது எந்தப் பாட்டு என்று தெரிந்திருக்காது. ஆசிரியை என் கையைப் பிடித்து, "நீ நாளைக்குத் தாளம் மட்டும் போடும்மா" என்றார்.

நான் கூனிக் குறுகி ஜன்னலோரம் நகர்ந்தேன். கதவருகே கூடையை வைத்துக்கொண்டு கதம்பம் கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மா இவ்வளவு நேரமும் என்னையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். நாரைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா காத மூடிகினு பாட்ற, நீ பாட்றது உனுக்கே பேஜாரா கீதா?"

பாதிப் பாட்டு

என்னைப் பெண் பார்க்க அஸ்தினாபுரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை சேகர், குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் ஆபரேட்டர். அவரோடு அவர் அம்மா, பெரியம்மா, சித்தப்பா என்று ஒரு வேன் ஆட்கள். பஜ்ஜி சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா, "பொண்ணுக்குப் பாட வருமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் அம்மா, "ஸ்கூல்ல மூணு வருஷம் கொயர்ல இருந்தா" என்று சொல்லிவிட்டாள். ரயிலில் நடந்ததை அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எனக்கு முதலிலிருந்து கடைசி வரை வார்த்தை தப்பாமல் தெரிந்தது ஏரிப் பாட்டு ஒன்றுதான். பாடினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு இடத்தில்கூடத் தப்பில்லை. ஸ்டெல்லா மிஸ் இருந்திருந்தால் நூற்றுக்கு நூறு கொடுத்திருப்பார். ஆனால் பாடியது இரண்டாம் குரல், பக்கத்தில் முதல் குரல் இல்லை. 'கரையோரம்' வந்ததும் கை சும்மா இருக்குமா, டீப்பாய்மேல் டொக்கென்று தட்டிவிட்டேன். பஜ்ஜித் தட்டு ஒரு முறை எழும்பி உட்கார்ந்தது. பாடி முடித்தேன். பெரியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, "கொரலு நல்லாத்தான் இருக்கு, பாட்டுதான் என்னவோ ஒரு மாதிரி" என்றார்.

முடிந்தது கதை என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். வேனில் ஏறுவதற்கு முன் சேகர் செருப்பைத் தேடுகிற சாக்கில் கொஞ்சம் பின்தங்கினார். இரும்பு கடைகிற லேத்தில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு தப்பினால்கூடக் கண்டுபிடிக்கிற ஆள். உள்ளே எட்டிப் பார்த்து என்னிடம் சாதாரணமாகக் கேட்டார்: "அதுல பாதிப் பாட்டுதான் இருந்த மாதிரி இருந்துச்சு, மீதிப் பாதி யார்கிட்ட இருக்கு?"

பன்னிரண்டு தாழ்ப்பாள்

இந்தக் கேள்வி கேட்ட மனிதரை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கல்யாணமான புதிதிலேயே மீதிப் பாதி யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஷூ லேஸ் கதையையும் மறைக்கவில்லை. "போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்துடேன்" என்றார் அவர், பக்கத்துத் தெருவில் காய் வாங்கி வரச் சொல்வதைப் போல. நூர் எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. ஆனால் மேற்குத் தாம்பரத்தில் அவர்களுடைய கடை அதே இடத்தில் இருந்தது. அவளுடைய அண்ணன் சலீம் பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

போய் நின்றேன். "என்னம்மா வேணும்?" என்று கேட்டார். 'உங்கள் தங்கச்சியைப் பார்க்க வேண்டும்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். 'யார் நீங்கள்' என்று கேட்பார், பெயரைச் சொல்ல வேண்டும், பெயரைச் சொன்னால் 'ஓ, நீதானா அது' என்பார். இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடி, "ஒரு தாழ்ப்பாள் குடுங்க பாய்" என்று வந்துவிட்டது. அடுத்த மாதமும் போனேன். அன்றைக்கும் தாழ்ப்பாள்தான் வாயில் வந்தது. எங்கள் வீட்டில் இருந்தது மொத்தம் மூன்று கதவு. சேகர் பீரோ மேலிருந்த தாழ்ப்பாள்களை எண்ணிப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்புவார்.

ஒரு வருஷம் போயிற்று. அன்றும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கடைப்படியில் ஏறினேன். நான் கேட்பதற்கு முன்பே சலீம் பாய் தாழ்ப்பாளைத் தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டார். சுற்றிக்கொண்டே, மனசு தாங்காமல் கேட்டுவிட்டார்: "தப்பா நெனக்காதீங்கம்மா, இதோட பன்னண்டு ஆச்சு. உங்க வீட்ல ஒரு கதவுக்கு எத்தன போடுவீங்க?"

புருவம் தூக்கினால் மூச்சு

அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே வெட்கமாகிவிட்டது. அந்தச் சமயத்தில் நான் உண்டாகியிருந்தேன். மாதம் நிறைந்ததும் குரோம்பேட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஒரு நாள் காலையில் சேர்த்தார்கள். வலி வந்து நான் எதையெதையோ பிடித்துக்கொண்டு கிடந்தபோது, தொப்பி போட்ட நர்ஸ் ஒருத்தி என் முகத்துக்கு நேரே குனிந்தாள். பேசவில்லை. இரண்டு புருவத்தையும் மேலே தூக்கினாள். அவ்வளவுதான். என் வயிறு தானாக உள்ளே மூச்சை இழுத்தது.

கொயரில் ஸ்டெல்லா மிஸ் புருவத்தைத் தூக்கினால் நாற்பது பேரும் மூச்சு இழுக்க வேண்டும். இறக்கினால் பாட வேண்டும். அந்தப் பாடம் தெரிந்த நர்ஸ் என்றால் அது குளோரியாகத்தான் இருக்க முடியும். இரண்டாம் குரலில் எனக்கு அடுத்து நின்றவள். "தோளைத் தூக்காத சாந்தி, வயித்துலேர்ந்து இழு" என்று மிஸ்ஸின் அதே குரலில் அதட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல முனகினேன். "இதுலயும் செகண்ட் வாய்ஸா? இன்னிக்கு நீதாண்டி ஃபர்ஸ்ட் வாய்ஸ், நல்லா கத்து" என்றாள். பல்லாவரத்துக்குப் பிறகு அன்றுதான் நான் முழுசாகக் கத்தினேன். கவிதா பிறந்தாள்.

மறுநாள் குழந்தையைப் பார்க்க வந்த குளோரியிடம் தாழ்ப்பாள் கதையைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நூர் இப்போது குன்றத்தூரில் இருக்கிறாள், கணவர் சோபா தைக்கிறவர், தன்னுடைய இரண்டு பிரசவத்துக்கு இங்கேதான் வந்தாள் என்று சொல்லி, மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் விலாசத்தை எழுதித் தந்தாள். "என்மேல கோவமாத்தான் இருப்பா" என்றேன். குளோரி கதவருகே போய்த் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "போய்ப் பாருடி, கதவு தொறந்துதான் இருக்கும். தாழ்ப்பாள் மொத்தத்தையும்தான் நீ வாங்கிட்டியே."

தாலாட்டு

விலாசம் கிடைத்துவிட்டதே, மறுவாரமே போயிருப்பேன் என்று நினைக்காதீர்கள். குழந்தைக்குச் சளி, மாமியாருக்கு மூட்டுவலி, எனக்கு ஆபீஸ் என்று மூன்று வருஷம் சாக்குச் சொன்னேன். அந்தச் சீட்டு மட்டும் கைப்பையில் பத்திரமாக இருந்தது. கவிதாவைத் தூங்கவைக்க ஏரிப் பாட்டைத்தான் பாடுவேன், வேறு பாட்டு எனக்கு ஏது? 'கரையோரம்' வரும்போது தொட்டில் கம்பியில் ஒரு தட்டு. பாவம், பிள்ளை சீக்கிரமே கண்ணை மூடிவிடும். அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

ஒரு நாள் பக்கத்து வீட்டம்மா, "சாந்தி பாடினா கொழந்த ஒடனே தூங்கிடுதே" என்று என் மாமியாரிடம் ஆச்சரியப்பட்டார். மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "தூங்கலன்னா மறுபடியும் பாடிடுவாளோன்னு பயம் அதுக்கு."

குன்றத்தூர்

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் என்னையும் மூன்று வயசுக் கவிதாவையும் பல்லாவரத்தில் பஸ் ஏற்றிவிட்டு, "தாழ்ப்பாள் கேட்டுடாத" என்று சொல்லி அனுப்பினார். குன்றத்தூரில் மலைக்கோயிலுக்குப் போகிற கூட்டத்தோடு இறங்கி, விசாரித்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். 'நான்தான் கத்தினேன், கேட்டது, தெரிந்தேதான் சும்மா இருந்தேன்.' மூன்று துண்டு. எந்தத் துண்டும் விட்டுப்போகக் கூடாது.

கதவைத் திறந்தது நூர். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கண்ணாடி போட்டிருந்தாள். என்னை இரண்டு நொடி பார்த்துவிட்டு, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். அதற்குப் பிறகு என்னைப் பேசவே விடவில்லை. உட்கார வைத்தாள், டீ போட்டாள், கவிதாவுக்கு பிஸ்கட் கொடுத்தாள், தன் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டுப் பெயர் சொல்ல வைத்தாள். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம், "டீ ஆறுது, குடி" என்றாள். என்ன சொல்ல வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்கத் தயாராக இருந்தாளா என்றுதான் எனக்குத் தெரியவில்லை. டீ கசந்தது.

பிள்ளைகள் உள்ளறைக்குப் போய் விளையாட ஆரம்பித்தார்கள். சின்னவனைத் தூங்கவைக்கிற விளையாட்டுப் போலிருக்கிறது. நூரின் மூத்த பெண் பாடினாள். 'ஏரி நெறஞ்சிருச்சு, எங்க ஊரு ஏரி நெறஞ்சிருச்சு.' இத்தனை வருஷம் நான் தேடிய மீதிப் பாதி இதோ வரப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டேன். வந்தது மெட்டு இல்லை. இரண்டாம் குரல். என்னுடையது. ஒவ்வொரு நெளிவும் என்னுடையது. 'கரையோரம்' வந்ததும் மூன்று பிள்ளைகளும் சுவரில் டொக்கென்று தட்டினார்கள். நாலாவதாக இன்னொரு தட்டு விழுந்தது. எட்டிப் பார்த்தால் கவிதா. அவளும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள், ஒரு சுரம் பிசகாமல்.

"நூரு, உன் பாட்டப் பாடு" என்றேன். "மெட்டப் பாடு. நான் கேட்டு எவ்ளோ நாளாச்சு." அவள் ஒரு மாதிரி சிரித்துவிட்டு, சரி, நீயும் பாடு என்றாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், பழையபடி என் இடது பக்கம். அவள் விரல் என் காதுக்கு வந்தது, என் விரல் அவள் காதுக்குப் போனது. யாரும் சொல்லவில்லை, தானாகப் போனது. கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடினோம். முடித்துக் கண்ணைத் திறந்தால் நாலு பிள்ளைகளும் வாசற்படியில் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். மூத்தவள் கேட்டாள், "அம்மா, ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான பாடுறீங்க, அப்புறம் எதுக்குக் காத மூடிக்கிறீங்க?"

நூர் விரலை எடுத்தாள். "எனக்கு மெட்டு மறந்துபோச்சு சாந்தி" என்றாள். "கொயரோட கடைசியாப் பாடினது அன்னிக்கு மேடையிலதான். அப்போ உன் பாட்டத்தான் பாடினேன். அதான் மனசுல நின்னுச்சு. எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன், வரல. பக்கத்துல நின்னவளாச்சே, உனக்காவது ஞாபகம் இருக்கும், நீ வந்தா கேட்டுக்கலாம்னு இருந்தேன்."

மூன்று வருஷம் அவள் விரலே மூடியிருந்த காதில் மெட்டு எங்கே தங்கும்? எனக்கு அழுகை வந்துவிட்டது. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த மூன்று துண்டும் ஒன்றாகக் கொட்டியது. நான்தான் கத்தினேன் என்றேன். எனக்குக் கேட்டது என்றேன். ஷூ லேஸ் அவிழவே இல்லை என்பதையும் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கொஞ்ச நேரம் டீ டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறாள், கேட்ட பிறகும் வலிக்கத்தான் செய்கிறது என்று தெரிந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்: "இத அன்னிக்கே சொல்லியிருந்தா மிஸ் ரெண்டு பேரையும் வெளிய அனுப்பியிருப்பாங்க. வெளிய நின்னு நாம ரெண்டு பேரும் பாடியிருப்போம்ல."

என்னோடு உத்தியோகம் பார்த்த தோழிகளே, உங்களில் யாருக்காவது ஏரிப் பாட்டின் மெட்டு இன்னும் ஞாபகம் இருந்தால் தயவுசெய்து எங்களிடம் வந்து சொல்லிவிடாதீர்கள், அஸ்தினாபுரத்திலும் குன்றத்தூரிலுமாக நாலு பிள்ளைகள் இதுதான் பாட்டு என்று நம்பி வளர்ந்துகொண்டிருக்கிறார்கள்.